பாலத்தில் ஊற்றிய உப்பு

நம் ஆய்வுக்கூடத்தின் உள்ளறையில் தராசுக்கு மேலே இருக்கும் தட்டில் ஒரு காலி பாட்டில் உண்டு. ஆங்கிலத்தில் 'பிரிட்ஜ்' என்று எழுதி ஒட்டியிருக்கும். எழுத்து என்னுடையது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் அதைக் குப்பைத் தொட்டியில் போடப் போனதாகவும், ஷாஹிதா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன். ஏன் என்று கேட்டதற்கு, "மேடத்தையே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டாளாம். கேட்டுவிட்டீர்கள். ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று தெரியாமல் கேட்டுவிட்டீர்கள். இனி முழுவதும் படித்துத்தான் ஆகவேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேயரில், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில். அப்பா தூத்துக்குடிக்காரர். ஹேடோ துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பூட்டு, கத்தரிக்கோல், சைக்கிள் செயின், தையல் மிஷின் என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் போடும் நாள். ஒரு வாரம் தவறினால் பூட்டு திறக்காது. உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்பதை எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உப்பில் இருக்கும் குளோரைடு என்ற அயனிதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கல்லூரியில் படித்தபோது, நம் வீட்டுக்குள் பல வருடமாகப் புகுந்து திருடியவனின் பெயர் தெரிந்துவிட்டதுபோல இருந்தது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், குளோரைடை இவ்வளவு நன்றாகத் தெரிந்த நான்தான் அதை என் கையாலேயே உள்ளே விட்டேன்.

ஆய்வுக்கூடம் தொடங்கிய காலத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே வேலை. படகுத்துறைத் தூண்களின் இரும்பு கடல்நீரில் எவ்வளவு வேகமாக அரிபடுகிறது என்று பார்ப்பது. என்னை வேலைக்கு எடுத்த அதிகாரி மெயின்லேண்டிலிருந்து வந்தவர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். டீக்கு மட்டும் அவசரப்படுவார். இரும்புத் தகட்டைக் கடல்நீரில் முக்கி, ஒயர்களை மாட்டியதும் எழுந்துவிடுவார்.

"தகடு உட்காரட்டும்மா. ரெண்டு மணி நேரம் ஆகும். நாம நடந்துட்டு வருவோம்."

ஹேடோ துறைமுகம் வரை நடப்போம். அவர் கப்பலிலிருந்து சரக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மூன்று டீ குடிப்பார். திரும்பி வந்து அளந்தால் அளவு அசையாமல் நிற்கும். அது சோம்பேறித்தனம் இல்லை. கடல்நீரில் போட்ட இரும்பு நிலைக்கு வர உண்மையிலேயே நேரம் எடுக்கும். அவர் போட்ட விதி அவருடைய வேலைக்குச் சரியான விதி.

இன்னொன்றையும் அவர் அந்த வேலைக்குச் சரியாகத்தான் செய்தார். அளவு எடுக்கும்போது தகட்டுக்குப் பக்கத்தில் ஒப்பிடுவதற்காக இன்னொரு மின்முனை வைக்கிறோம் அல்லவா, அதற்குள்ளே இருப்பது பொட்டாசியம் குளோரைடு. அந்தக் குளோரைடு கசிந்து நம் பாத்திரத்தில் கலந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய் வைக்கிறோம். அதைப் பாலம் என்கிறோம். பாலத்துக்குள் பொட்டாசியம் சல்ஃபேட் கரைசலை ஊற்றுவது வழக்கம். ஒருமுறை அந்த சல்ஃபேட் தீர்ந்துபோனது. கப்பல் வரவில்லை. வானிலை சரியில்லை, பிறகு எஞ்சின் சரியில்லை, பிறகு என்ன சரியில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"பொட்டாசியம் குளோரைடு இருக்கில்ல? அதையே பாலத்துல ஊத்து. கடல்தண்ணிக்குள்ள இன்னும் கொஞ்சம் குளோரைடு போனா கடலுக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

சரிதானே? கடல்நீரில் ஏற்கனவே குளோரைடு நிறைந்துதான் இருக்கிறது. ஊற்றினேன். வேலை நடந்தது. இந்தத் தீவில் வேலை செய்கிற எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கேட்டது வராது. வந்ததை வைத்துக் கேட்டதாக நினைத்துக்கொள்வோம். 'சலேகா', அதாவது 'பரவாயில்லை, ஓடும்' என்ற ஒரு இந்திச் சொல்லில் இங்கே பாதி அரசாங்கமே ஓடுகிறது. நான் பாட்டிலை நிரப்பி, மேலே 'பிரிட்ஜ்' என்று எழுதி ஒட்டினேன். எதற்கு என்று எழுதினேன். உள்ளே என்ன என்று எழுதவில்லை. அடுத்த கப்பலில் சல்ஃபேட் வந்து சேர்ந்தது. சீல்கூடப் பிரிக்காமல் அலமாரிக்குள் வைத்தேன். அதுதான் பாலத்துக்கு ஒரு பாட்டில் தயாராக இருக்கிறதே.

அதிகாரி மாற்றலாகி மெயின்லேண்ட் போனார். கூடத்தில் உதவியாளராக பிஸ்வாஸ் தாதா வந்தார்; வங்காளிகள் அண்ணனைத் தாதா என்பார்கள். 'பிரிட்ஜ்' பாட்டில் காலியாகும் சமயத்தில், நான் முதல் நாள் எடுத்துக் கொடுத்த அதே உப்பைக் கரைத்து மேலே நிரப்பி வைப்பார். சரியாகச் செய்வார். ஒரு நாளும் தப்பு செய்ததில்லை.

பிறகு நானே பொறுப்பாளர் ஆனேன். துரு சலித்துப்போயிருந்தது. எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. பிளாட்டினத் தகட்டை நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்து, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால், அமிலத்தில் உள்ள சல்ஃபேட் அயனிகள் தகட்டின் மேல் வந்து ஒட்டும், விலகும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஓடுகிற மின்சாரத்தைக் கோடாக வரைந்தால் அதில் மேடும் பள்ளமுமாகத் தெரியும். நூற்றுக்கணக்கான பேர் இதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் எது எப்போது ஒட்டும், ஏன் விடும் என்பதில் தீராத ஆர்வம். மூன்று வருடம் செய்தேன். என் கோடுகள் மற்றவர்களுடையதைவிட வேறாக இருந்தன. எல்லோரும் சொல்வதைவிட எங்கள் கூடத்தில் சல்ஃபேட் குறைவாக ஒட்டியது. எத்தனை முறை செய்தாலும் அதே. தீவின் வெப்பம்தான் காரணம் என்று முடிவு கட்டி ஓர் அறிக்கை எழுதினேன். மெயின்லேண்டில் ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். கைதட்டினார்கள். போர்ட் பிளேயர் திரும்பிய விமானத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் ஷாஹிதா வந்தாள். தீவுகளின் வடக்கே மாயாபந்தர் ஊர்ப் பெண். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே பஜாரில் பாத்திரக் கடை. படித்துவிட்டு ஊரிலேயே ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் நிரந்தர வேலையில் இருந்தாள். அதை ராஜினாமா செய்துவிட்டு, ஒரு வருட ஆய்வு உதவித்தொகையை நம்பி இங்கே வந்து சேர்ந்தாள். வருட முடிவில் மெயின்லேண்டிலிருந்து குழு வந்து பார்க்கும். நீட்டித்தால் இன்னும் இரண்டு வருடம். இல்லையென்றால் மாயாபந்தர் பஸ்தான், அங்கே வேலையும் இருக்காது. குழு முதலில் பார்ப்பது பொறுப்பாளரின் குறிப்பை. அதாவது என் குறிப்பை.

முதல் வாரமே என்னிடம் ஒரு கோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். புத்தகத்தில் இருப்பதுபோலவே இருந்தது. என்னுடையது போல இல்லை.

"எவ்வளவு நேரம் விட்டு எடுத்தே?"

"போட்டதும் எடுத்துட்டேன் மேடம். பத்து நிமிஷம் இருக்கும்."

"ரெண்டு மணி நேரம் விடணும். உட்கார வேண்டாமா?"

அவள் இரண்டு மணி நேரம் விட்டு மறுபடி எடுத்தாள். அச்சு அசலாக என் கோடு. நான் திருப்தியாகத் தலையாட்டினேன். அவள் போகாமல் நின்றாள்.

"மேடம், எது உட்காரணும்?"

"என்னது?"

"இரும்புன்னா துருப் படலம் நிலைக்கு வரணும்னு புரியுது. பிளாட்டினத்துல எது உட்காரணும்?"

எனக்கு பதில் தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அன்றைக்கு நான் சொன்னது, "முதல்ல சொன்னதைச் செய். அப்புறம் கேள்வி கேள்" என்பது. பதில் தெரியாதபோதுதான் எனக்கு இப்படிக் கோபம் வரும் என்று வீட்டிலும் சொல்வார்கள்.

அவள் நிறுத்தவில்லை. தினமும் இரண்டு கோடு எடுத்தாள். போட்டதும் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. தினமும் முதலாவது புத்தகம் மாதிரி, இரண்டாவது என்னை மாதிரி. நான் முதலாவதை அழுக்கு என்றேன். தகட்டைச் சுடரில் காட்டிச் சிவக்கச் சிவக்கச் சுத்தம் செய்யச் சொன்னேன். கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தில் ஊறப்போட வைத்தேன். மாறவில்லை. கடல் காற்றாக இருக்கும் என்று ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்ட வைத்தேன். அந்தச் சமயம் பார்த்து ஏ.சி. நின்றுபோனது. மூன்று வாரம் அந்த அறையில் வெந்தோம். பிஸ்வாஸ் தாதா வாசலிலேயே நின்றுகொண்டு, "மேடம், அந்தர் வந்தா மீன் மாதிரி ஃப்ரை ஆயிடுவேன்" என்றார். அப்போதும் கோடு மாறவில்லை. முதலாவது புத்தகம், இரண்டாவது நான்.

நீங்கள் கேட்கலாம், சுத்தம் செய்யச் செய்ய மாறாத ஒன்றை எப்படி அழுக்கு என்றீர்கள் என்று. என் பேரில் ஓர் அறிக்கை இருந்ததால்தான். வேறு காரணமே இல்லை. ஒரு மனுஷி தன் பெயர் போட்ட காகிதத்தைக் காப்பாற்ற எவ்வளவு டேப் வேண்டுமானாலும் ஒட்டுவாள்.

குழு ஒரு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. காலை விமானத்தில் வந்து, மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். புதன்கிழமை மாலையே என் குறிப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். ஒரு பக்கம்தான். அதில் இருந்த வரி எனக்கு இன்னும் மனப்பாடம். 'ஆய்வாளரின் அளவீடுகள் திரும்ப எடுக்கும்போது ஒத்துப்போவதில்லை. கூடத்தின் நடைமுறையைப் பின்பற்றுவதில் தயக்கம் காணப்படுகிறது.' அனுப்பியபின் ஒரு பிரதியை அவளுக்கும் கொடுத்தேன். மறைக்கவில்லை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அவள் படித்துவிட்டு, "சரி மேடம்" என்றாள். 

வியாழன் காலை ஒன்பது மணிக்கு நான் வந்தபோது என் மேஜைக்கு முன் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரே ஒரு தாள்.

"மேடம், நேத்து மத்தியானம் லைட் போச்சில்ல, ரெண்டு மணி நேரம்."

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"போட்டதும் எடுக்க வேண்டிய கோட்டை எடுக்கிறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. தகடு அமிலத்துக்குள்ளயேதான் இருந்துச்சு. பாலத்தை மட்டும் வெளிய தூக்கி வச்சுட்டேன், சும்மா எதுக்குக் கிடக்கணும்னு. லைட் வந்ததும் பாலத்தை உள்ள விட்டு உடனே எடுத்தேன்."

"சரி."

"ராத்திரிதான் கவனிச்சேன். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துடுச்சு மேடம். ஆனா மாறல."

தாளை மேஜையில் வைத்தாள். புத்தகக் கோடு. இரண்டு மணி நேரம் காத்திருந்த தகடு கொடுத்த புத்தகக் கோடு.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கூட்டம் நடக்கும் நாளில் இதென்ன புதுக் கதை என்று. "மின்சாரம் போய் வந்தா மிஷின் கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும்" என்று வாய் சொல்லிவிட்டது. ஆனால் வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் பழைய ஆர்வம் ஒன்று எழுந்து உட்கார்ந்துவிட்டது. காத்திருந்தால் மாறுகிறது. பாலம் இல்லாமல் காத்திருந்தால் மாறவில்லை. அப்படியென்றால் மாற்றுவது நேரம் இல்லை.

நான் எழுந்து உள்ளறைக்குப் போனேன். அவள் பின்னாலேயே வந்தாள். பாட்டில் வழக்கமான இடத்தில் இருந்தது. 'பிரிட்ஜ்'. என் கையெழுத்து. பிஸ்வாஸ் தாதா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தாதா, இதுல என்ன இருக்கு?"

"பிரிட்ஜ் வாலா பானி, மேடம்."

"அதான், என்ன தண்ணி?"

"ஆப் நே ஜோ தியா தா, வஹி. நீங்க அன்னைக்குக் குடுத்த அதே சால்ட். நான் மாத்தவே இல்லை," என்றார், நான் ஏதோ குற்றம் சொல்வதாக நினைத்து.

அவர் சொன்னதும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வராத கப்பல், டீ, 'கடலுக்கு என்ன நஷ்டம்' என்ற சிரிப்பு.  பாட்டிலைத் தட்டிலிருந்து இறக்கினேன்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சொட்டு போதும். சில்வர் நைட்ரேட் கரைசலில் குளோரைடு பட்டால் வெள்ளையாகத் திரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற சோதனை. ஷாஹிதா பள்ளி ஆய்வகத்தில் இதை எத்தனை முறை செய்து காட்டியிருப்பாளோ. குழாயில் எடுத்து அவளே சொட்டினாள். தயிர் மாதிரித் திரிந்தது.  பிறகு நான் அலமாரியைத் திறந்து, அத்தனை வருடமாக சீல் பிரிக்காமல் இருந்த பொட்டாசியம் சல்ஃபேட்டை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் கரைத்து, நீர்க்கச் செய்து, அதையும் சொட்டினாள். தெளிவாக நின்றது.

நடந்தது இதுதான். மெயின்லேண்ட் கப்பலில் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் போயிருப்பீர்கள். பிளாட்டினத்தின் மேல் சல்ஃபேட் உட்காருவது, பங்க்கில் துண்டைப் போட்டுவிட்டு டெக்குக்குக் காற்று வாங்கப் போகிறவரைப் போல. இடம் பிடிக்கும், இறுக்கிப் பிடிக்காது. குளோரைடு வந்தால் துண்டை ஓரமாக நகர்த்திவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். எழுப்ப முடியாது. பாலத்திலிருந்து குளோரைடு துளித்துளியாகக் கசிந்தது. பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் சல்ஃபேட்டின் இடத்தில் பாதியை அது பிடித்துக்கொண்டது. குளோரைடைத் தடுக்க வைத்த பாலத்தில் குளோரைடையே ஊற்றிவிட்டு, அது நன்றாகக் கசிந்து முடியும்வரை டீ குடித்துக் காத்திருந்து, பிறகு அளந்து, தீவின் வெப்பம் என்று எழுதியவள் நான். இரும்புக்குச் சரியாக இருந்த இரண்டு பழக்கங்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பிளாட்டினத்தின் தலையில் கட்டினேன். என் கோடுகள் ஒவ்வொரு முறையும் ஒத்துப்போனதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் ஒரே தப்பை ஒரே அளவில் செய்ததுதான்.

மணி ஒன்பதே முக்கால். புதுக் குழாயில் சல்ஃபேட் ஊற்றிப் பாலம் வைத்து, இரண்டு மணி நேரம் விட்டு அளந்தால் உறுதியாகிவிடும். பன்னிரண்டுக்குள் முடியும். தொடங்கினோம். என் வாழ்க்கையில் அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் முதல்முறையாக ஒரு அர்த்தம் இருந்தது. டீக்குப் போகவில்லை.

இனி சொல்லப்போவதை உங்களிடமிருந்து மறைத்துவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைத்தால் இதை எழுதுவதே வீண். அந்த இரண்டு மணி நேரம் முழுவதும் நான் நேர்மையாக யோசிக்கவில்லை. எப்படித் தப்பிப்பது என்று யோசித்தேன். ஆபீஸில் ஓர் அருமையான வாக்கியம் உண்டு, 'மேலும் ஆய்வு தேவை' என்று. யாருக்கும் நோகாது. குழுவிடம் அப்படிச் சொல்லி ஆறு மாதம் தள்ளிப்போட்டால், அதற்குள் இவளுடைய கோடுகளை மெதுவாகச் சரி என்று சொல்லிவிடலாம். என் அறிக்கை கருத்தரங்குத் தொகுப்பில் அப்படியே தூங்கும். யார் எழுப்பப் போகிறார்கள்?

அவளிடமே சொன்னேன். "இன்னைக்கு பாட்டில் விஷயம் எதுவும் பேச வேண்டாம். மறுபடி பார்க்கணும்னு சொல்லி டைம் வாங்கித் தர்றேன். உனக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திரையை விட்டுத் திரும்பாமலே பேசினாள். குரல் உயரவில்லை.

"மேடம், டைம் குடுக்கட்டும், குடுக்காமப் போகட்டும். என் கோடு ஒத்துப்போகலன்னு எழுதியிருக்கீங்க. ஒத்துப்போச்சு மேடம். தினமும் ஒத்துப்போச்சு. ரெண்டு விதமாவும் ஒத்துப்போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே. ஒரு வருடமாக ஒரு நாள் தவறாமல் அவள் இரண்டு கோடுகளையும் மாறாமல் எடுத்துக் காட்டியிருக்கிறாள். இந்தக் கூடத்தில் அதைவிட ஒழுங்கான வேலையை யாரும் செய்ததில்லை, நான் உட்பட. அவளுடைய வேலையை எடுத்துவிட்டு அவளுக்கு நேரம் வாங்கித் தருவதாகப் பெருந்தன்மை காட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குக் கோடு வந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் புத்தகக் கோடு. அசையவில்லை.

கூட்டத்தில் குழுத்தலைவி சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியை. என் குறிப்பை அச்செடுத்து முன்னால் வைத்திருந்தார். அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன். இல்லையென்றால் மனசு மாறிவிடும் என்று பயம்.

"அந்தக் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன்," என்றேன். "அதில் தப்பு இருக்கிறது. தப்பு ஆய்வாளருடையது இல்லை."

பாட்டிலையும் இரண்டு சோதனைக் குழாய்களையும் கொண்டுபோயிருந்தேன். ஷாஹிதாவைச் சொட்டச் சொன்னேன். ஒன்று திரிந்தது, ஒன்று தெளிவாக நின்றது. பிறகு அவள் தன் ஒரு வருடத்துக் கோடுகளை எடுத்து ஒவ்வொன்றாக விளக்கினாள். பேசப்பேசக் கூச்சம் போய்விட்டது. கடைசியில் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கருத்தரங்கில் கைதட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"அப்போ உங்க ரிப்போர்ட்?"

"அது என் ரிப்போர்ட் இல்லைங்க. இந்தப் பாட்டிலோட ரிப்போர்ட்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உள்ளே ஏதோ இறங்கிவிட்டது. ஷாஹிதாவுக்கு இரண்டு வருடம் நீட்டித்தார்கள். வெளியே வந்ததும் அவள் மாயாபந்தருக்குப் போன் போட்டாள். "வாப்பா, குடுத்துட்டாங்க" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாமல் என்னிடம் போனை நீட்டிவிட்டாள். அந்தப்பக்கம் அவர் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். முந்தின நாள் நான் எழுதியது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நின்றது கூட்டத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

உங்களுக்கு என்ன சொல்ல? எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள் என்று சொன்னால் ஒரு வேலையும் நடக்காது. நான் சொல்வது சின்ன விஷயம். யாராவது உங்களிடம் 'இப்படித்தான் இங்கே செய்வோம்' என்றால், எந்த வேலைக்காக அப்படிச் செய்யத் தொடங்கினார்கள் என்று கேளுங்கள். 'எது உட்காரணும்?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் உங்கள் பொறுப்பாளர் கோபப்பட்டால், இன்னும் ஒருமுறை கேளுங்கள். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத்தான் ஷாஹிதாவை இப்போது பொறுப்பாளர் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வேலையை அவள் கட்டுரையாக எழுதி என் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. எங்கள் பழைய அறிக்கையைப் பற்றி ஒரு வரி எழுதியே ஆகவேண்டும், அவளுக்கும் தெரியும். எழுதியிருந்தாள். 'இக்கூடத்தின் முந்தைய அறிக்கையில் உள்ள அளவீடுகள் பாலக் கரைசலால் பாதிக்கப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.' என் முன்னால் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் இடுக்கில் நான் ஒட்ட வைத்த டேப் பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பேனாவை எடுத்து 'பாதிக்கப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது' என்பதை அடித்தேன். மேலே 'பாதிக்கப்பட்டவை, அவ்வறிக்கை தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சல்ஃபேட்டைப் பற்றி என் பணிக்காலத்தில் நான் எழுதிய ஒரே சரியான வரி அதுதான்.